ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஓசூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நான் நலம், உன் அம்மா முக்கால் நலம், மிச்சம் இருக்கிற கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று சிரிக்காதே. என் போனை என்னைவிட உன் அம்மாதான் அதிகம் பார்க்கிறாள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாலும் அவள் கண்ணில்தான் முதலில் படும். நம் தெரு ராஜ்குமார் லீவு முடிந்து ஜெர்மனிக்குத் திரும்புகிறான். உனக்குக் கொடுத்தனுப்ப அவள் ராகி மாவு, புளி, மாங்காய் ஊறுகாய் எல்லாம் கட்டி வைத்திருக்கிறாள், அதில் என் பங்கு என்னவென்றால் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டியதுதான். அதனால் இந்தக் கவரை மட்டும் அவளுக்குத் தெரியாமல் அவன் கையில் தனியாகக் கொடுக்கப்போகிறேன்.

உன் அம்மா படபடப்புக்கு மாத்திரை சாப்பிடுவது உனக்குத் தெரியும். எனக்கு முன்பே உனக்குத் தெரியும், அதுதான் எனக்கு ஆறவில்லை. போன வருஷம் ராயக்கோட்டைக் கல்யாணத்துக்குத் தனியாகப் போய்விட்டுத் திரும்பும்போது சானமாவுக் காட்டில் யானை ரோட்டைத் தாண்டுகிறது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்களே, எல்லோரும் ஜன்னல் வழியாக வீடியோ எடுத்துக்கொண்டிருக்க இவளுக்கு மட்டும் நெஞ்சு அடித்து, மூச்சு முட்டி, கை கால் மரத்து, செத்துவிடுவோம் என்று தோன்றியிருக்கிறது. அப்போது யாருக்குப் போன் செய்தாள்? உனக்கு. நான் அரை மணி தூரத்தில் கம்பெனியில் இருக்கிறேன், நீ கடல் தாண்டி இருக்கிறாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்த என்னிடம் பஸ் லேட் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்து, ஈசிஜி எடுத்து, இதயத்தில் ஒன்றும் இல்லை, இது பயத்தால் வருகிற படபடப்பு, மனநல டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பியபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

அந்த டாக்டர் ஹரீஷ்குமார் சின்ன வயசு, ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பிள்ளை. உன் அம்மா தளிக்காரி என்று தெரிந்ததும் கன்னடத்தில் ஆரம்பித்தார் பார், அவ்வளவுதான், மடை திறந்தது. நான் விருதுநகரிலிருந்து இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் என் கன்னடம் பஸ் போர்டு படிக்கிற அளவுதான் என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நித்தெ பரல்ல என்றாள், தூக்கம் வருவதில்லை என்று எனக்கும் புரிந்தது. பக்கத்தில் படுக்கிற எனக்கு அதுவரை தெரியாது. அப்புறம் என்னென்னவோ சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நடுவில் சிரிக்கக்கூடச் செய்தாள். வெளியே வந்ததும் என்னதான் சொன்னே என்று கேட்டேன், ஒண்ணுமில்ல, சும்மா என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது பாப்பா. கட்டிக்கொண்டவனிடம் இத்தனை வருஷம் சொல்லாததை முன்பின் தெரியாத பையனிடம் அரை மணியில் கொட்டிவிட்டாள்.

அந்த மாத்திரையின் மீதும் எனக்குப் பொறாமைதான். துவரம்பருப்பில் பாதி இருக்கும், அதைப் போட ஆரம்பித்த பிறகு நன்றாகத் தூங்கினாள், தனியாகப் பஸ் ஏறித் தளிக்குப் போய் அண்ணன் தோட்டத்திலிருந்து கோஸ் கொண்டுவந்தாள். பயப்படாதே பயப்படாதே என்று நான் தொண்டை வறளச் சொன்னது எல்லாம் வீண், பருப்பளவு மாத்திரை சொன்னதைக் கேட்டாள். டாக்டர் சொன்னதும் அவளுக்கு வேதவாக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, ஒரு நாள் மறந்தால் மறுநாள் சேர்த்து இரண்டு போடக் கூடாது, மயக்கம் தருகிற சளி மருந்தோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்க்கக் கூடாது, உடம்புக்குப் பழகும்வரை ஸ்கூட்டி ஓட்டக் கூடாது, அடுத்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இதில் கடைசியை மட்டும் மறந்துவிட்டு, எதிர்வீட்டு நாகம்மா எனக்கும் தூக்கமே இல்லக்கா, பாதி குடுங்க என்றதும் உடைக்கக் கத்தியை எடுத்துவிட்டாள். அவங்க சுகருக்கு என்ன மாத்திரை போடறாங்கன்னு உனக்குத் தெரியுமா என்று நான்தான் பிடுங்கி வைத்தேன். அதற்கும் என் மேல்தான் கோபம்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன், பதறாதே, அவள் நன்றாக இருக்கிறாள். இரண்டு மாதம் முன்பு நீ அந்த மாத்திரைப் பெயரை நெட்டில் பார்த்துவிட்டு, அம்மா இது வலிப்பு மாத்திரைம்மா, உனக்கு வலிப்பே கிடையாதே, போட்டா விடமுடியாம பழகிடும், நிறுத்திட்டு மூச்சுப்பயிற்சி பண்ணு என்று சொன்னாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், ஆனால் அன்றைக்கே நிறுத்திவிட்டாள். டாக்டரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் சட்னியில் உப்பு குறைவு என்று சொன்னால் நாலு நாள் யோசிப்பாள், நீ சொன்னதை நாலு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சாதாரணக் காய்ச்சல் என்று என்னை நம்ப வைத்தாள். அப்புறம் உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்து விழுந்து, கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு. நான் தேங்காய்க் கடையிலிருந்து ஓடி வருவதற்குள் யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாவியால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டு, வாயில் எதுவும் வைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும் என்று டாக்டர் அப்புறம் சொல்லிக்கொடுத்தார், நீயும் தெரிந்துகொள். அவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். என் பெயரையோ, ஏங்க என்றோ சொல்லவில்லை. பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க என்றாள். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, சட்டையெல்லாம் தக்காளி, அப்போதும் உன் நினைப்புதான் அவளுக்கு. உயிர் திரும்பியதே என்ற சந்தோஷத்துக்கு நடுவிலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது, நான் அப்படிப்பட்டவன்.

டாக்டர் இந்த முறை எனக்காகத் தமிழிலேயே சொன்னார். இந்த மருந்தை வலிப்புக்கும் கொடுப்பார்கள், படபடப்புக்கும் கொடுப்பார்கள், நரம்பை அமைதிப்படுத்துகிறது. உடம்புக்குப் பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் வலிப்பே இல்லாதவர்களுக்கும் வலிப்பு வரலாம். பழகிப்போகும் என்று உங்க பொண்ணு சொன்னது தப்பில்லை, நிறுத்தத்தான் போறோம், ஆனா நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்குல என்றார். மறுபடி ஆரம்பித்தாயிற்று, எழுதிக்கொடுத்தபடி நடந்தால் பயம் இல்லை. ஆனால் நடப்பதில்லை பாப்பா. கம்பெனியில் பாகங்களைச் சோதித்துச் சோதித்துப் பழகிய கண் என்னுடையது, குறை இருந்தால் தப்பாது. தினமும் காலையில் அட்டையை எண்ணிப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாத்திரை மட்டும் மிஞ்சுகிறது. ஏன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் செய்கிறாய். நிறுத்திட்டியாம்மா என்று கேட்கிறாய், நிறுத்திட்டேன் கண்ணு என்கிறாள், என் தங்க அம்மா என்கிறாய். அந்தச் சந்தோஷத்தில் அன்று ராத்திரி பொய்யை மெய்யாக்கப் பார்க்கிறாள். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றால் நீங்க என்ன டாக்டரா என்கிறாள். இன்னொரு முறை சந்தையில் இல்லாமல் ரோட்டில், அடுப்படியில் விழுந்தால் என்ன செய்வேன்? யோசித்தால் எனக்கே நெஞ்சு படபடக்கிறது.

உன்மேல் பழி போட எழுதவில்லை, அழுதுகொண்டு உட்காராதே. நீ சொல்லி நிறுத்தினாள், நீ சொன்னால்தான் போடுவாள். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் உண்மை. அங்கே ஒரு டாக்டரிடம் விசாரித்தேன், நான் சொன்னது தப்பு, டாக்டர் குறைக்கச் சொல்கிறவரை ஒரு நாள்கூட விடாதே என்று நீயாகச் சொல்வதுபோலச் சொல். பொய்யாக இருக்கவேண்டாம், நிஜமாகவே விசாரித்துவிட்டே சொல். சந்தையில் நடந்தது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அவள் உன்னிடம் தானாகச் சொல்லட்டும். போனை வைத்ததும் என்னிடம் வந்து, பாப்பா சொல்லிட்டா, விடாம போடணுமாம் என்பாள். அப்படியா, சரி போடு என்று புதுசாகக் கேட்பவன்போல் நான் கேட்டுக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கணும். மலைமேல் சந்திரசூடேஸ்வரருக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்திருக்கிறேன், பிரசாதம் பெட்டியில் இருக்கிறது, அதை மட்டும் நான்தான் வைத்தேன். ஒன்றை மறக்காதே. எப்போதும் அவள் போனுக்குத்தான் கூப்பிடுவாய், பேசி முடித்து அப்பாகிட்ட குடும்மா என்பாய், எனக்கு வந்து சேரும்போது உனக்குக் கொட்டாவி வந்திருக்கும். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு மட்டும் என் போனுக்குக் கூப்பிடு. அம்மாகிட்ட குடுப்பா என்று சொல். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வி. அண்ணாதுரை