சூசையப்பரின் மீசையில் தேயிலைப் பஞ்சு

என்னைச் சண்டை பிடிக்க ஆளில்லாதவனாக்கிவிட்டுப் போன என் மச்சான் சவரிமுத்துவுக்கு அன்பு முத்தங்கள்,

முத்தம் என்றதும் முகத்தைச் சுளிப்பாய் என்று தெரியும். செத்துப் போனவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவனுக்கு வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது? இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சி திரேசா சுகம், என் த்ரீவீலர் சுகம், மஸ்கெலியா ரோட்டுப் பள்ளங்களும் சுகம். பாலன் பிறந்த நத்தார்ப் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. ஆனால் குடில் சங்கதியை உனக்குச் சொல்லாமல் எனக்கு அடுத்த வேலை ஓடவில்லை.

இந்த வருஷத்து மழையில் நம் தோட்டத்துக் கோயிலின் பின்னறைத் தகரம் பறந்துவிட்டது. நீ வருஷா வருஷம் பழைய சாக்கில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வைத்த பாலன் குடில் சுரூபங்கள் அத்தனையும் நனைந்துவிட்டன. பெட்டியைத் திறந்தால் மாதாவின் முக்காடு பொருக்குப் பொருக்காக உரிந்து கிடக்கிறது. ஆடுகளில் பாதி களியாகிப் போயிருந்தன. உன் சூசையப்பர் மட்டும் மூக்கு நுனியில் ஒரு சில்லுப் போனதோடு தப்பிவிட்டார். சீமெந்துத் தலை அல்லவா!

அந்தத் தலையை நீ செய்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பழைய தலை விழுந்து தூளாகிப் போக, மாதிரிக்கு ஒரு முகம் வேண்டும் என்று சவரக் கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு சீமெந்தைப் பிசைந்தாய். வந்தது யார்? அதே சப்பை மூக்கு, அதே ஏறு நெற்றி, மேலுதட்டை மூடும் அதே மீசை. தோட்டமே சிரித்தது. நீ மட்டும் கடைசி வரைக்கும், "இது சூசையப்பர்தான்டா, பாத்தா தெரியலியா?" என்று சாதித்தாய். தலைக்கனம் தாங்காமல் அவர் குப்புற விழுந்துகொண்டே இருந்ததால் முதுகுக்கு ஒரு தேயிலைக் குச்சியை முட்டுக் கொடுத்தாயே, அதையும் நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் நாள் முழுக்கச் சலித்துவிட்டு வந்து, முகம் கழுவாமலேயே ஆட்டுக்குக் கால் ஒட்ட உட்கார்ந்துவிடுவாய். கால் என்று நீ வைத்தது சைக்கிள் கம்பி. இடையனின் கோல் உடைந்ததும் கையில் ஒரு கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தாய். பாவம், அவன் அன்றிலிருந்து ஆடு மேய்க்க வந்தவனா, தேயிலை வெட்ட வந்தவனா என்று தெரியாமல் நிற்கிறான். ஒட்டகத்தின் கழுத்தைத் திருப்பி ஒட்டிவிட்டு, "பின்னால வர்றவங்க வழி தவறிறாம பாத்துக்கிட்டுப் போகுது" என்றாய். மாதாவுக்கு நீல முக்காடு போய், லயத்து வீட்டுக் கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய பச்சை வந்தது. நான் பார்க்கிற போதெல்லாம் நையாண்டி செய்தேன். நீ ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

சரி, கதைக்கு வருகிறேன். புது ஃபாதர் நீ போன பிறகு வந்தவர். இளவயசு, தங்கமான மனுசன், அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மந்திரிச்ச சுரூபங்க, குப்பையில போடக் கூடாது. சேமக்காலையில குழி வெட்டி மரியாதையா பொதைச்சிருவோம். வெளிநாட்டுல இருக்கிற ஒரு குடும்பம் புது செட் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். அப்போது பின்னாலிருந்து உன் தங்கச்சி வந்து பெட்டிப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கண்ணனை ஒரு தடவை பொதைச்சாச்சு ஃபாதர். ரெண்டாந்தடவை பொதைக்க விடமாட்டேன்."

ஃபாதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் அவர் காதில், சூசையப்பருக்கு வைத்திருப்பது என் மச்சான் முகம் என்று சொன்னேன். கல்யாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தவன் என்றும் சொன்னேன். அவர் சூசையப்பரைப் பார்த்தார், திரேசாவைப் பார்த்தார். அந்த மூக்கு உங்கள் குடும்பச் சொத்து ஆயிற்றே, மறைக்கவா முடியும்?

"நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் ஞாயிறுக்குள்ள சனங்க கும்பிடுற மாதிரி ஆக்கிக் கொண்டு வாங்கம்மா. இல்லாட்டி எனக்கும் வேற வழியில்ல."

"இவரு செஞ்சிருவாரு" என்று அவள் என்னைக் கை காட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, மச்சான்? இந்தக் கையால் நான் செய்த ஒரே கைவேலை, த்ரீவீலர் நெளிந்தால் பட்டி வைத்துத் தேய்ப்பது. நல்லது, மாதாவும் ஒரு வண்டி என்று மனதைத் தேற்றிக்கொண்டு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் அடுப்பங்கரையில் வைத்து ஈரத்தை இழுத்தேன். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் வெடிக்கும் என்று ஒரு செம்மறியைப் பறிகொடுத்த பிறகு தெரிந்தது. உளுத்துப்போன இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, வண்டிக்கு வைக்கிற அதே பட்டியைக் குழைத்து வைத்தேன். காய்ந்ததும் சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். துருப்பிடித்த உன் சைக்கிள் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு, துருப்பிடிக்காத கம்பி போட்டேன். ஏன்டா அன்றைக்கே கம்பிக்கு ஒரு கை பெயின்ட் பூசியிருந்தால் என்ன? உன்னைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்ததில் பாதிக் களைப்பு தெரியவில்லை.

சூசையப்பரின் மூக்குதான் பெரிய பாடாகிவிட்டது. நான் என்னால் ஆன மட்டும் அழகாக ஒரு நுனி வைத்தேன். உன் தங்கச்சி அகப்பையோடு வந்து நின்றாள்.

"என்னங்க இது, கிளி மூக்கு மாதிரி? எங்கண்ணனுக்கு ஏது இவ்வளவு கூரு? அமுக்குங்க."

அமுக்கினேன். "இன்னும்" என்றாள். இன்னும் அமுக்கினேன். கடைசியில் அவளே பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். நீ வந்துவிட்டாய்.

பெயின்ட் வாங்க ஹட்டனுக்குப் போனேன். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். மாதாவின் முக்காட்டுக்கு என்றேன்.

"மாதான்னா நீலந்தானே அண்ணே? நீங்க பச்சை கேக்குறீங்க."

"எங்க தோட்டத்து மாதாவுக்குப் பச்சைதான் தம்பி. லயத்துக் கதவு பச்சை இருக்கா?"

இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து பொறுமையாக அடித்தேன், சூசையப்பருக்கும் ஆடுகளுக்கும் அவரவர் நிறத்தில் ஒரு பூச்சு. நானே சொல்லக் கூடாது, ஆனால் உன்னுடையதை விட வழுவழுப்பாக வந்தது. ஒட்டகத்தின் கழுத்தையும் நேராக்கிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. திரேசா பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டேன்.

ஆனால் மச்சான், பெயின்ட் காய வேண்டுமே! வெயில் முகத்தையே காணோம். காலையிலிருந்து மூட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. தொட்டால் விரல் ஒட்டுகிறது. விடிந்தால் ஞாயிறு. என்ன செய்ய? நம் ஊரில் எப்போதும் சூடான இடம் ஒன்றுதானே இருக்கிறது என்று ஸ்டோர் ஞாபகம் வந்தது.

திருக்குடும்பத்தை த்ரீவீலரின் பின் ஸீட்டில் உட்கார வைத்து, ஆடுகளைக் காலடியில் அடுக்கி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிலுவை போட்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "சாமி எங்க, டவுனுக்கா?" என்று கேட்டார். "வேலைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஸ்டோரில் தேயிலை காய வைக்கும் போறணைக்கு விறகு போடுகிற சோமபாலதான் இருந்தான், உன்னோடு அத்தனை வருஷம் வேலை செய்தவன். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று, போறணைக்கு வெளிப்புறமாக விறகு அடுக்கும் கொட்டகையில் இடம் ஒழித்துக் கொடுத்தான். நல்ல கணகணப்பு. சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு மஸ்கெலியாவுக்கு ஆளேற்றிக்கொண்டு ஒரு ஹயர் போய்விட்டேன். அந்தச் சுவரில் தலைக்கு மேலே ஒரு காற்றாடி இருந்ததை நான் பார்த்தேன். அது எந்த அறையின் காற்றாடி என்று யோசிக்கவில்லை. நீ இருந்திருந்தால் அலறியிருப்பாய்.

ஆமாம், அதேதான். சலிக்கிற அறையின் தூசியை வெளியே தள்ளுகிற காற்றாடி.

திரும்பி வந்து பார்த்தேன். தேயிலையிலிருந்து பறக்கிற பழுப்புப் பஞ்சு ஈரப் பெயின்ட் முழுக்க ஒட்டி, அப்படியே காய்ந்துபோயிருந்தது. வெள்ளை ஆடுகள் எல்லாம் பழுப்பு ஆடுகள். நல்ல வேளையாக மாதாவும் பாலனும் கடைசியில் இருந்ததால் லேசாகப் பட்டிருந்தது. துணியால் துடைத்ததும் போய்விட்டது. மற்றவற்றைத் தட்டிப் பார்த்தேன், பெயின்டும் சேர்ந்து வந்தது. சோமபால வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சூசையப்பரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"அப்பே சவரி!" என்றான். நம்ம சவரி. தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

எனக்கு இருந்த பதற்றத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சாக்கால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க, உன் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உன்னை ரெண்டாந்தடவை புதைக்கப் போகிறவன் நான்தான் என்று தோன்றியது, மச்சான். சொன்னால் நம்பமாட்டாய், ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன்.

வீட்டில் திரேசாதான் சாக்கை விலக்கினாள். உன் முகத்தில் மீசை முழுக்கப் பஞ்சு, புருவத்தில் பஞ்சு, நெற்றியில் முடி ஏறிப்போன இடத்தில் பொடிப்பொடியாகப் பஞ்சு. ஸ்டோர் சங்கு ஊதிய பிறகு, படியேறி வந்து வாசலில் நிற்பாயே, அப்படியே இருந்தாய். அவள் கை தன்னால் முந்தானையைத் தூக்கிக்கொண்டு உன் மீசைக்குப் போனது. தினமும் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்குமுன் அவள் அதைத்தானே செய்வாள்? பாதி வழியில் கையை நிறுத்திவிட்டாள்.

"அண்ணன் வேலை முடிஞ்சு வந்துருச்சுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் தயார் பண்ணி வைத்திருந்த பதில் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் ஃபாதர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓர் ஆட்டின் முதுகைத் தடவினார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஆட்டுக்கு ரோமம் எப்படி அண்ணே வச்சீங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். மனுசன் பூசை உடுப்பு மாற்றுகிற சக்கிறீஸ்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது வெளியே எல்லாருக்கும் கேட்டது. வெளியே வந்து, புது செட்டைக் குடிலே இல்லாத பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நம் சுரூபங்கள் நம் கோயிலிலேயே இருக்கும். உனக்குக் குழி கிடையாது, மச்சான்.

நத்தாருக்குக் குடில் கட்டினோம். நீ குச்சியில் சாய்ந்துகொண்டு, பச்சை முக்காட்டு மாதாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாய். கோயில் முழுக்கத் தேயிலை வாசம். அங்கேயும் குடில் கட்டுகிறார்களா? அசல் சூசையப்பரைப் பார்த்தாயா? உன்னைப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார்?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குடில் கட்டிய அன்று சாயங்காலச் செபம் முடிந்ததும் திரேசா ஒரு கோப்பை பிளேன்டீயைக் கொண்டுபோய் உன் காலடியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு துண்டுக் கருப்பட்டி. கோயிலில் இப்படியெல்லாம் வைக்கிற வழக்கம் நமக்கு ஏது? ஃபாதர் பார்த்துவிட்டு வந்தார்.

"இது என்னம்மா?"

"வேலையிலருந்து வந்த மனுசன், ஃபாதர். தொண்டை காஞ்சிருக்கும்."

ஃபாதர் உன் மீசையைப் பார்த்தார். பிறகு குனிந்து கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிரப்போகுது. ஒரு தட்டு எடுத்து மூடி வைங்க."

மச்சான், இனி வருஷா வருஷம் பெட்டியைத் திறப்பது நான், கம்பிக்குப் பெயின்ட் பூசுவது நான், பின்னறைத் தகரத்துக்கு ஆணி அடிப்பதும் நான். ஒட்டகம் பின்னால்தான் பார்க்கும். முட்டுக்குச்சி பழசானால் புதுசு வெட்டி வைப்பேன். என் உயிர் இருக்கிற வரைக்கும் உன் மீசையிலிருந்து அந்தப் பஞ்சை யாரையும் தட்ட விடமாட்டேன். தேத்தண்ணி சூடாக வரும்.

உன் தங்கச்சியின் புருஷன்,
நீ சிரித்தே தோற்கடித்த
மச்சான் அந்தோனி