புட்டியின் அடியில் வண்டல்

மாப்ளே,

இன்று காலை ஆற்றில் புதுவெள்ளம் வந்தது. என் மருமகள் ஒரு குடம் மொண்டு வந்து வைத்தாள். செம்மண் வாடை வீடெல்லாம் ஏறியது. தாகத்தில் செம்பை எடுத்தேன். "தெளியட்டும் மாமா, செத்த பொறுங்க" என்றாள். செம்பைச் சுவரில் எறிந்துவிட்டேன். பாவம், மிரண்டு போனாள். நீ கடைசியாகச் சொன்னதும் அதுதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நம் ராசிங்காபுரத்துக் கண்மாய் வருடத்துக்கு வருடம் மேடாகிக்கொண்டு வந்தது. மலையில் ஏலத்துக்கும் காப்பிக்கும் காட்டை வெட்டிய இடத்து மண்தான் இங்கே வந்து படிகிறது என்றாய். யாரும் நம்பவில்லை. அதைக் காட்டத்தான் புட்டிகள். மலையடிக் குரங்கணிக்கு மாட்டுவண்டி ஓட்டிய நான், தோட்டத்துத் துரைமார் குடித்துப்போட்ட பிராந்திப் புட்டிகளைப் பொறுக்கி வருவேன். வெள்ளக் காலத்தில் என் வண்டியில் கூடவே வந்து, வழியெங்கும் இறங்கி நீ வெள்ளத் தண்ணீர் பிடிப்பாய். குலுக்கி வைத்துவிட்டு எதிரே குத்தவைத்து உட்காருவாய். முதலில் மணல் இறங்கும். அதன்மேல் பொடிமண். மாவு போன்ற வெளிறிய வண்டல் இறங்கப் பொழுது சாய்ந்துவிடும்.

"கனத்தது வெரசா தங்கிரும் மச்சான். சன்னமானதுதான் இம்புட்டுத் தூரம் வந்து நம்ம மடைய அடைக்குது."

"பொண்டாட்டி மூஞ்சியக்கூட நீ இப்படிப் பாத்திருக்க மாட்டே" என்பேன். அடுப்படியில் என் தங்கை சிரிப்பாள்.

அந்த வருடம் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. நுரை தள்ளி, கழிந்து கழிந்தே செத்தன. உழவு மாடு போன வீட்டில் எழவு வீட்டைப் போல அழுதார்கள். தண்ணீரில் எவனோ பாஷாணம் கலக்கிறான் என்று பேச்சுக் கிளம்பியது. ஆற்றோரமாகப் புட்டியும் கையுமாக அலைந்தவன் நீ. உன் பரணில் வரிசையாகப் புட்டிகள், அடியில் வெள்ளையாக என்னவோ. அவர்களுக்கு அது போதாதா?

நடுப்பகலில் கும்பலாக வந்தார்கள். முன்னால் நின்றவன் உன் பெரியப்பா மகன். ஏற்கெனவே கண் சொருகிப்போன கன்று ஒன்றை இழுத்து வந்திருந்தான். உன் புட்டி ஒன்றை அதன் தொண்டையில் கவிழ்த்தான். கன்று காலை உதறிக்கொண்டு செத்தது. "பாத்தீகளா?" என்று கூவினான். அது நேற்றே சாகக் கிடந்தது என்று நான் கத்தியதை எவன் கேட்டான்?

நீ இன்னொரு புட்டியை எடுத்துக் குலுக்கி வாசல் கல்லின்மேல் வைத்தாய்.

"வெறும் மண்ணுண்ணே. தெளியட்டும், செத்த பொறுங்க. எது மணலு, எது வண்டலுன்னு நீங்களே பாருங்க. பெறகு மொத்தத்தையும் நானே குடிக்கிறேன்."

மடையா, அப்போதே குடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா? உனக்கு அவர்களுக்குக் காட்டியாக வேண்டும். மணல் இறங்கி முடியுமுன் முதல் கம்பு உன் மண்டையில் விழுந்தது.

வண்டியிலிருந்து முளைக்கம்பை உருவிக்கொண்டு பாய்ந்தேன். ஒருவன் பல்லை உடைத்தேன், ஒருவன் முழங்கையை. என் இடது காதை அறுத்தது எவன் அரிவாளோ, இன்றுவரை தெரியாது. உன்னைக் கல்லால் அடித்தார்கள். உன் புட்டிகளாலேயே அடித்தார்கள். மேலே விழுந்து மூடிய தங்கையை மயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். உன் முகம் இருந்த இடத்தில் ரத்தமும் கண்ணாடியும்தான் இருந்தன.

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கல்லின்மேல் நீ வைத்த புட்டி மட்டும் உடையாமல் இருந்தது. மேல் தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது. தங்கை எழுந்து அதை எடுத்தாள். ஒரு குலுக்குக் குலுக்கி, அடிமண் மிச்சமில்லாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் எப்பச் சாகுறேன்னு இருந்து பாத்துட்டுப் போங்க."

ஒருவனும் நகரவில்லை. வெயில் இறங்கியது. உன்மேல் ஈ மொய்த்தது. அவள் சாகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில்தான் ஒவ்வொருவனாகத் தலையைக் குனிந்துகொண்டு நழுவினான்.

கச்சேரியில் சாட்சி சொல்ல எவனும் வரவில்லை. உன் பெரியப்பா மகன் இன்றும் என்னைக் கண்டால் வேறு தெருவில் போகிறான். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

புதுவெள்ளம் வந்தால் தங்கை கலங்கலாகவே ஒரு செம்பு குடிப்பாள். இன்று நானும் குடத்தைக் கலக்கிக் குடித்தேன். பல்லில் மண் நறநறக்கிறது. நீ செத்த நேரம்தான் கேட்டாய், மாப்ளே. உன்னைக் கொன்றுபோட்டுவிட்டு, பொழுது சாயும்வரை பொறுத்திருந்தார்கள்.