மூணு சுத்து

கார்த்திகை 18
காலையிலேருந்து தூறல். கருமாதி முடிஞ்சி ரெண்டு நாள். பந்தக்கால் குழி இன்னும் மூடல, தண்ணி நிக்குது.
இந்த நோட்டு எங்க வூட்டுக்காரரோடது. ஏர்போர்ட்டுல பறவை வெரட்டுற வேலை அவருக்கு. பாதி வரைக்கும் அவரு எழுத்து. "காலை. பருந்து 14. நாய் 2. விமானம் 1. ரெண்டாஞ் சுத்துல எறங்குச்சு." மிச்சத் தாள்ல நான். அஞ்சாங்கிளாஸ் எழுத்து.

கார்த்திகை 19
கொழுந்தன் முருகேசன் குவாரியிலேருந்து நேரா வந்தான். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. கையில ஒரு காயிதம், மைப்பெட்டி.
"அண்ணி, இதுல ஒரு ரேகை வச்சிடுங்க."
"என்ன எழுதியிருக்கு?"
"ஒண்ணுமில்ல, ஆபீஸ் சமாச்சாரம்."
எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அவரு வேலை எனக்கு வேண்டாமாம். தம்பிக்குக் குடுக்க மனப்பூர்வமா சம்மதமாம். எப்ப சொன்னேன்?
அத்தை உள்ளேருந்து: "வெறுங்கழுத்தா நிக்கிறவளுக்கு என்னடி உத்தியோகம்? முப்பது முடிஞ்சி கோயிலுக்குப் போயிட்டு வர்றவரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது."
அவரு வேலைக்கு முப்பது நாளுக்குள்ள மனு குடுக்கணும்னு ஆபீஸ்லேருந்து வந்த கடுதாசில இருக்கு. அத்தைக்கும் அது தெரியும். அதான்.
மைப்பெட்டியத் தூக்கிக் கழனித்தண்ணியில போட்டேன். மாடு குடிக்கலன்னு அதுக்கும் திட்டு.

கார்த்திகை 21
மழை இல்ல. தூக்கமும் இல்ல.
எழுதிடறேன். ஓடுபாதையோரம் புல்லுல அவரப் பாம்பு கடிச்சிருக்கு. ஜீப்பு ஒண்ணுதான். பிளேன் எறங்குறவரைக்கும் ஜீப்பு அந்த எடத்த வுட்டு நகரக் கூடாதாம், ரூலு. கடல்காத்து குறுக்க அடிச்சி, பிளேன் கிட்ட வர்றதும் மேல போறதுமா மூணு சுத்து. உள்ள இருந்தது சீசனுக்குக் கடல்ல குளிக்க வந்தவங்க. அவங்க சிரிச்சிக்கிட்டு எறங்குனப்பறம் இவர ஜீப்புல ஏத்துனாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல போயிட்டாரு.
பொணத்தோட வந்த மேரி சொன்னா. ஏர்போர்ட்டுல கூட்டிப் பெருக்குறவ. நான் அப்ப இங்க களையெடுத்துக்கிட்டிருந்தேன்.
நாசமாப் போக. பிளேனு, அதுல வந்தவன், காத்து, எல்லாம்.

கார்த்திகை 23
விடியறதுக்குள்ள கிளம்பிட்டேன். அரியலூர் ஸ்டேஷன்ல எழுதறேன். எடுத்தது: பொறந்த வூட்டுக் கோடிச் சேலை, அவரு சட்டை ஒண்ணு, கடுதாசி, புளிச்சோறு, சோளக்கொல்லையில கிளி வெரட்டுன கவண்.
எதுக்க வந்த ரெண்டு பேரு என்னப் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க. போங்க.

கார்த்திகை 25
கடலோரக் காத்து. வாயெல்லாம் மணல். ஏர்போர்ட்டு ஆபீசர் நிமிந்து பாக்கல.
"பொம்பளைக்கு ஆகாதும்மா. கொழுந்தன் பேருக்கே எழுதிக் குடுத்துடு."
"எழுதிக் குடுக்க வரலைங்க. வேலைக்கு வந்திருக்கேன்."
"பறவை வெரட்ட வேட்டு வைக்கத் தெரியுமா?"
"கவண் தெரியுங்க. பத்து வயசிலேருந்து ஊரார் கொல்லை காத்தவ."
பக்கத்துல இருந்தவன் சிரிச்சான். "சார், கிளின்னு நெனச்சி பிளேன அடிச்சிடப் போவுது."
அடிச்சாலும் அடிப்பேன்.
ரெண்டு நாள் பாக்கலாம்னாரு. மனுவ வாங்கல.

கார்த்திகை 26
வெயில். வேலிக்கு வெளியில மீனு காயுது, அதான் இத்தன பருந்து. அவரு சட்டைய மேல போட்டுக்கிட்டேன், தொளதொளன்னு.
பட்டுச்சேலைக்காரி ஒருத்தி: "பிளேன் ஏறப் போற நேரத்துல எதுக்கால இப்படியா வந்து நிக்கிறது?"
மேரி என்னை இழுத்துட்டா. "வுடு செல்லம். மேல போயி வாந்தி எடுக்கட்டும்."
சிரிச்சிட்டேன். சிரிச்சதுக்கு என் மேலயே ஆத்திரம்.
பருந்து 11. நாய் 1.

கார்த்திகை 27
காத்து குறுக்க. மதியம் பிளேன் சத்தம். ஓடுபாதை மேல பருந்துக் கூட்டம், எதையோ கிழிச்சிக்கிட்டு. ஜீப்பு அதே எடத்துல. ஆபீசர் விசிலு மேல விசிலு.
கல்லக் கவண்ல வச்சிட்டு சும்மா நின்னேன். வெரட்டலன்னா எறங்க மாட்டான். சுத்தட்டும். உள்ள இருக்கறவன் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு சுத்தட்டும். எனக்கென்ன.
அப்பதான் பாத்தேன். புல்லுக்குள்ள ஒருத்தரு குனிஞ்சி அறுத்துக்கிட்டிருக்காரு. மேரி வூட்டுக்காரரு. கால்ல செருப்பில்ல. பிளேன் சுத்துற வரைக்கும் ஜீப்பு நகராது.
வீசுனேன். அத்தனை பருந்தும் கடல் பக்கம்.
சாயங்காலம் ஆபீசர் மனுவ வாங்கிக்கிட்டாரு.
பருந்து 20க்கு மேல. நாய் இல்ல. விமானம் 1. ஒரே சுத்துல எறங்குச்சு.
அன்னைக்கும் இப்படி எறங்கியிருக்கக் கூடாதா.