தூங்கும் வரைக்கும் புரிந்தது

என் கடைசி பெஞ்ச் நைனாவுக்கு,

நல்லா இருக்கியா? அங்கே உனக்கு யாராவது கணக்குச் சொல்லித் தருகிறார்களா, இல்லை, தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருக்கிறாயா?

மயிலாப்பூர் வகுப்புக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டேன். நீ போனபிறகு கொஞ்ச நாள் போகவில்லை. காலேஜுக்கே அம்மா பிடித்துத் தள்ளித்தான் போனேன். இதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பத்தாவது பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு நடத்த எங்கே மனசு வரும்? பிள்ளைகள் விடவில்லை. பரீட்சை வருதுக்கா, வாங்கக்கா என்று போன் மேல் போன். போனேன்.

போனபிறகுதான் தெரிந்தது, நீ இல்லாமல் எனக்குப் பாடம் நடத்தவே வரவில்லை.

ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை சாயங்காலம் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து நீ வந்து டீ குடித்ததும், உன்னைச் சுவரோரம் உட்காரவைத்து, மறுநாள் பாடத்தை முதலில் உனக்கு நடத்திப் பார்ப்பேன். எட்டாவதோடு நின்ற உனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்பது என் நினைப்பு. உனக்குக் கண் சொருகினால் பாடம் தேறவில்லை என்று அர்த்தம். உட்கார்ந்து மாற்றி எழுதுவேன். கிள்ளி எழுப்பினால், "தூங்கல டீச்சரம்மா, கண்ண மூடிக்கினு கேட்டுக்கினு கீறேன்" என்பாய். சரியான புளுகு மூட்டை நீ.

கடைசியாக நடத்தியது கோபுரக் கணக்கு. தள்ளி நின்று அண்ணாந்து பார்க்கிற கோணத்தை வைத்து, மேலே ஏறாமலே உயரத்தைக் கண்டுபிடிப்பது. உயரம் தெரிந்து என்ன பண்ணப்போகிறாய், சாமி வந்து கேட்டுச்சா என்று என்னை மடக்கிவிட்டு, பாதியிலேயே சாய்ந்துவிட்டாய். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று எழுந்து போய்விட்டேன். அந்த வாரத்துக்குள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயே நைனா.

இப்போது அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

யாரிடமும் நடத்திப் பார்க்காத பாடத்தோடுதான் வகுப்புக்குப் போனேன். கடைசி பெஞ்சில் கௌசல்யா என்று ஒரு பெண். நான் போர்டு பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேஜையில் தலை சாய்ந்துவிடும். பாடத்தை மாற்றி எழுதிக்கொண்டு போனேன். அடுத்த வாரமும் தூங்கினாள். படம் வரைந்து, கதை சொல்லி, நடித்தே காட்டினேன். அப்போதும் தூங்கினாள்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. என்னை நம்பி உட்கார்ந்து இந்தப் பிள்ளைகள் பரீட்சையில் கோட்டைவிட வேண்டாம், வேறு யாராவது வரட்டும், இந்த வாரத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஒருவர் தூங்கினாலே பாடம் சரியில்லை என்று அப்பாவை வைத்துத்தானே தெரிந்துகொண்டேன் என்றேன்.

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "உன் பாடத்தாலயா தூங்குனாரு? விடிகாலைல போய் நாளெல்லாம் மிசினாண்ட நின்ன மனுசன். நீ கூப்புடறதுக்கு முன்னாடி கொல்லக் கொயாய்ல தலைய நனைச்சிக்கினு வந்து குந்துவாரு. நீ இல்லன்னா அப்பவே படுத்திருப்பாரு."

அந்த ஈரத்தலையை வாராவாரம் பார்த்திருக்கிறேன். வேர்வை கழுவினாய் என்றல்லவா நினைத்தேன்! அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதேன் நைனா. சந்தோஷமும் கலந்த அழுகை அது.

ஞாயிற்றுக்கிழமை கௌசல்யாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர்கள் குடிசை அடையாறு ஆற்றோரத்தில் இருந்ததாம். அதை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பத்தாவது நடுவில் பள்ளிக்கூடம் மாற வேண்டாமென்று, இருட்டோடு எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ரெண்டு பஸ் மாறி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது வீட்டில் தூங்கலாமே, ஏன் வருகிறாய் என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "தூங்கறவரைக்கும் புரியுதுக்கா."

உன் குரலிலேயே கேட்டது போல இருந்தது. உனக்கும் அதுவரைக்கும் புரிந்ததா நைனா?

அன்றைக்குப் பாடம் அந்தக் கோபுரக் கணக்குத்தான். பாதியில் தலை சாய்ந்தவளைப் பத்து நிமிஷம் தூங்கவிட்டேன். மற்றவர்கள் சத்தம் போடாமல் கணக்குப் போட்டார்கள். எழுந்ததும், அவள் விட்ட இடத்திலிருந்து கோபுரக் கணக்கைச் சொல்லி முடித்தேன். விடையைத் தப்பாகத்தான் போட்டாள், திருட்டுக் கழுதை, ஆனால் தப்பு எங்கே என்று அவளே கண்டுபிடித்தாள்.

நான் நிறுத்தப்போவதில்லை. இனிமேல் என் வகுப்பில் யார் தூங்கினாலும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. உனக்கும் பாதிக் கோபுரம் பாக்கி இருக்கிறது. என்றைக்காவது வந்து சொல்கிறேன். அதுவரைக்கும் நல்லா தூங்கு, நைனா. கிள்ள மாட்டேன்.

உன் பொண்ணு,
உன் டீச்சரம்மா,
ரேவதி