கையெழுத்துக்குக் கீழே நின்றவர்

வெள்ளி, இரவு.

என் சேகரிப்புக்காகப் பல காலமாகத் தேடிய பழைய பத்திரிகைப் படம் கோச்சடையில் ஓர் அக்கா வீட்டில் இருந்தது. தமுக்கம் மைதானத்தில் ஒரு கட்சித் தலைவர் பேசிய கூட்டம். மூலையில் படமெடுத்தவரின் கையெழுத்து, அசல்தான். அதற்குக் கீழே கூட்டத்தில் நிற்பவர் அக்காவின் கணவர். இப்போது உயிரோடு இல்லை. வாலிபத்தில் எடுத்த படம் வேறு கிடையாதாம்.

“இவரை மட்டும் வெட்டிக் குடுத்துட்டு, படத்தைக் கொண்டு போங்க தம்பி,” என்றார் அக்கா.

வெட்டினால் கையெழுத்தும் போய்விடும். “இதே மாதிரி நகல் எடுத்துத் தாரேன்க்கா.”

“அப்ப நகலை நீங்க வச்சுக்கிடுங்க.”

எரிச்சலாக இருந்தது. அசலை அவரிடமே விட்டுவிட்டு, கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தனை பேரும் மேடையைப் பார்க்கிறார்கள். அக்காவின் கணவர் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.