ஆடிக் கூண்டும் அம்மாக்களின் துண்டும்

நேற்று நம்ம ஊர் மேட்டுப்பாளையத்தில் உன் கூண்டைப் பார்த்தேன். ஒரு கம்பெனியின் சைக்கிள் நிறுத்தத்துக்கு வேலியாக நிற்கிறது. கறுப்பு வலைக்கம்பியை வைத்து மட்டும் கண்டுபிடித்திருக்க முடியாது. தூண்களில் நீ சுற்றிய மெரூன் ரெக்சின் இன்னும் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாண சோபா தைத்தது போக மிஞ்சிய ரெக்சின். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தேன். செக்யூரிட்டி வந்து "இன்னா சார், யாரப் பாக்கணும்?" என்றார். யாரைப் பார்க்கணும் என்று நான் அவரிடம் எப்படிச் சொல்வேன்?

நீ பந்தல் போடுகிறவன், நான் வரவேற்புகளில் மைக் பிடிக்கிறவன். ஆடி பிறந்தால் நம் இருவருக்கும் ஒரே விதி. முகூர்த்தம் இல்லை, வேலை இல்லை. முத்தியால்பேட்டை மண்டபத்தின் படியில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், "இந்த மண்டபத்துக்குள்ள ஒரு கூண்டு போட்டா எப்பிடிடா இருக்கும்?" என்றாய். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை. ஊரில் அதைப் பழகும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், மோத இடம்தான் இல்லை என்றாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே என்று நான் சொன்னேன். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாய். அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்து வெல்டிங் பட்டறையில் எட்டு மூலைக் கூண்டு தயாராகிக்கொண்டிருந்தது.

முதல் ஆடியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிம்மாசன நாற்காலிகளில் இரண்டு முரட்டுப் பையன்கள் ஷார்ட்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பன்னீர்ச் செம்பு. நான் பழக்கதோஷத்தில் "மணமக்களை" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் ஒரு அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள். "எம் புள்ளய அடிச்சுக் கொல்றதுக்கா கூப்ட்டீங்க?" வேறு யாராவது என்றால் கேட்டைச் சாத்தியிருப்பான். நீ அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து கூண்டுக்கு முன்னால் உட்காரவைத்தாய். மகனின் மூலைக்குரிய சிவப்புத் துண்டைக் கோச்சிடமிருந்து வாங்கி அவள் மடியில் போட்டாய்.

"நீ போதும்னா போதும்மா. இதத் தூக்கி உள்ள போட்டா சண்ட நின்னுடும். உம் புள்ள தோத்தவன்னு ஆயிடும், அவ்ளோதான். உசுரோட ஊட்டுக்கு வருவான்."

அதுவே சட்டமாகிவிட்டது, ஒவ்வொரு அம்மாவிடமும் அதையே சொல்லித்தான் துண்டைக் கொடுத்தாய். ரெஃபரி இருந்தார், டாக்டர் இருந்தார். ஆனாலும் துண்டு அம்மாவிடம்தான். அம்மா இல்லாதவனுக்கு அக்காவோ பெண்டாட்டியோ வரவேண்டும். வராவிட்டால் அவன் கூண்டு ஏற முடியாது. இன்னொன்றும் வைத்தாய். சண்டைக்கு முன் மண்டபத்துப் பந்தியில் இரண்டு அம்மாக்களும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட வேண்டும், பிறகு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். "இது சண்டையா, பொண்ணு பாக்கற சடங்காடா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒன்னுதான்டா. யாரு புள்ள யாரு கையில மாட்டப் போறான்னு தெரிய வேணாமா?" என்றாய்.

சிரித்த ஊர் பிறகு கூட்டம் கூட்டமாக வந்தது. கடலூர், விழுப்புரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஆடி போதாமல் மார்கழியிலும் நடத்தினோம். பாதிப் பேர் சண்டையைப் பார்த்தார்கள், மீதிப் பேர் அம்மாக்களைப் பார்த்தார்கள். மடியில் துண்டோடு அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது மண்டபத்தில் ஒரு மரியாதை இருந்தது. எத்தனையோ மேடை பார்த்தவன் நான். அப்படி ஒன்றை வேறெங்கும் பார்த்ததில்லை. நீயோ எதுவும் நடக்காதவன் போல சீரியல் லைட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருப்பாய்.

கடைசி ஆடிக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். அன்று பட்டம் வெல்கிறவனுக்கு மும்பையில் பெரிய ஒப்பந்தம், உன் கூண்டு நாடு முழுக்க ஒளிபரப்பாகும் என்று பேச்சு. கனகசெட்டிக்குளத்து வேலுவும் பாகூர்ப் பக்கத்துப் பிரபுவும் மோதினார்கள். வேலுவை அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. அவன் அம்மா மீன் விற்கிறவர், பிரபுவின் அம்மா நாற்று நடுகிறவர். பந்தியில் இருவரும் பேசிச் சிரித்ததை நான் பார்த்தேன். பிரபுவின் அம்மா வேண்டாம் வேண்டாம் என்க, வேலுவின் அம்மா அவர் இலையில் வடையை எடுத்து வைத்தார்.

கடைசிச் சுற்றில் வேலு பின்னாலிருந்து பிரபுவின் கழுத்தைப் பூட்டினான். இருவரும் அம்மாக்கள் பக்கத்து வலையோரம் கிடந்தார்கள். பிரபுவின் கைகள் வேலுவின் காலுக்குள் மாட்டியிருந்தன. தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள அவனுக்கு வழியில்லை. முகம் அந்த முன்வரிசைக்கு மட்டும் தெரிந்தது, ரெஃபரி எதிர்ப்பக்கம் இருந்தார். பிரபுவின் அம்மா பார்க்கத் தாளாமல் நீலத் துண்டால் தன் முகத்தையே மூடிக்கொண்டிருந்தார். வேலுவின் அம்மா "போடுடி, போடுடி!" என்று கத்துவது வாயசைவில் தெரிந்தது. கூட்டத்தின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தார், அது வரவில்லை. மறுகணம் தன் மடியிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்துக் கூண்டுக்குள் வீசிவிட்டார்.

ரெஃபரி விசில் அடித்தார். வேலு கையை எடுத்தான். பிரபு துவண்டு சரிந்தான். டாக்டர் அவன் காலைத் தூக்கிப் பிடிக்க, இருமிக்கொண்டு கண் திறந்தான். கூட்டத்துக்கு அதெல்லாம் தெரியாது. ஜெயித்துக்கொண்டிருந்தவனின் துண்டு விழுந்ததுதான் தெரிந்தது. நாற்காலிகள் பறந்தன. டிவிக்காரர் உன்னிடம் ஓடிவந்து, துண்டு தவறி விழுந்துவிட்டது என்று அறிவித்துவிடுங்கள், வேலுதான் ஜெயித்தான் என்று எல்லாருக்கும் தெரியும், இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்றார். நீ நேராகப் போய் வேலுவின் அம்மா முன்னால் மண்டியிட்டாய்.

"அம்மா, தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"போட்டா வேலு தோத்தவன்மா."

"நீதான சொன்ன, போதும்னா போதும்னு. எம் புள்ளைக்கு மட்டும்னு சொன்னியா?"

அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தாய். என் மைக்கை நான் நீட்டியபடி நின்றேன். "பிரபு பேரச் சொல்லு," என்றாய். நான் தயங்கியதைப் பார்த்து, "இன்னைக்கு இது தப்பா வுழுந்துச்சுன்னு சொன்னா, இனிமே எந்த அம்மா துண்டும் செல்லாதுடா," என்றாய். சத்தம் போடவில்லை, வீரம் பேசவில்லை. பந்தலுக்குக் கம்பு எங்கே நடுவது என்று ஆளுக்குச் சொல்கிற அதே குரல். ஒரு மனிதன் தான் கட்டியதையெல்லாம் ஒரு பெண்ணிடம் சொன்ன சொல்லுக்காகத் தானே கலைத்துப் போடுவதைக் கிட்ட நின்று பார்த்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். டிவி போயிற்று. உடைந்த நாற்காலிகளைக் காட்டி மண்டபத்துக்காரர் கதவைச் சாத்திவிட்டார். நல்ல சண்டைக்காரர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். அடுத்த ஆடிக்கு நாம் மறுபடியும் அதே படியில் உட்கார்ந்திருந்தோம். வருத்தமா என்று கேட்டேன். "ரெண்டு புள்ளைங்களும் சோறு துன்றானுங்க இல்ல?" என்று கேட்டுவிட்டு, தேய்பிறை முகூர்த்தம் எப்போது என்று காலண்டரைப் பார்க்கப் போய்விட்டாய்.

சில வருஷம் கழித்து ஒரு ஐப்பசி மழையில், பந்தல் கம்பு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போனாய். வேலு தோள் கொடுத்தான். இப்போது படகில் போகிறான். அம்மாவிடம் ரொம்ப நாள் பேசாமலிருந்தவன் என்று கேள்விப்பட்டிருந்தேன். காரியம் முடித்துத் திரும்பி நடக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, பிரபு ஒடம்பு தொவண்டது எனக்குத் தெரிஞ்சுது. எங் கைக்குள்ளதான இருந்தான். தெரிஞ்சும் நான் வுடல. மும்பைதான் கண்ணுல இருந்துச்சு. எங்கம்மாகிட்ட போன வருசம்தான் இதச் சொன்னேன். 'நீ வுடமாட்டன்னு தெரிஞ்சுதான்டா போட்டேன்'னு சொன்னாங்க. பந்தல் அண்ணன்கிட்டயும் சொல்லணும்னு இருந்தேன். முடியாமப் போச்சு."

அதை உன்னிடம் சேர்க்கத்தான் இதை எழுதுகிறேன். அன்று அந்த அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளையும் தெரிந்திருந்தது, ஒருவன் தாங்கமாட்டான், மற்றவன் விடமாட்டான் என்று. அவர் ஏன் போட்டார் என்று நீ கேட்கவே இல்லை. தெரிந்து போட்டாரா என்று மட்டும் கேட்டாய். அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ள உன்னால் எப்படி முடிந்தது என்ற பிரமிப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.