கோட்டுக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3

புது வெள்ள மேப் இன்று பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. ஒன்றரை வருஷ உழைப்பு. கழிமுகத்தில் கடல் மட்டம் ஏறியிருப்பதையும், சமீப வருஷங்களில் கொட்டித் தீர்த்த மழைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்ட முதல் மேப். பெருமையாக மேஜையில் விரித்தேன். வெள்ளம் எட்டும் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு ஆற்றங்கரையில் கிளம்பி, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, எங்கள் வீட்டையும் தாண்டிப் போய்த்தான் நின்றது.

ஏதோ தப்பு என்று மறுபடி கணக்கை ஓட்டினேன். அதே கோடு. இன்னொரு முறையும் ஓட்டினேன்.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டுச் சமையல்கட்டுல இடுப்பளவு தண்ணியா? பாத்திரம் கழுவற வேலை மிச்சம்மா."

நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 5

இவரிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. சட்டை கருகுமே என்று நான்தான் பெட்டியைத் தூக்கினேன்.

"அப்பாகிட்ட நீ சொல்லாதே."

"நான் சொல்லலைன்னா ஆபீஸ் அனுப்பற நோட்டீஸ் சொல்லும்."

"நோட்டீஸ் சொல்லட்டும். நீ சொல்லாதே."

இவருக்கு அப்பா என்றால் அவ்வளவு பயம். எனக்கு மாமாவிடம் பயம் இல்லை. ஆயுசு முழுக்க மின்சார ஆபீஸில் வேலை பார்த்தவர். மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தே யார் வீட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். எண்ணோடு வாழ்ந்த மனுஷன். இந்தக் குடியிருப்பில் எவருக்கும் புரியாமல் போனாலும் அவருக்குப் புரியும்.

மார்ச் 9

சொல்லிவிட்டேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேப்பை முழுசாகப் படித்தார். என்ன கேள்விகள்! மழை அளக்கிற கருவி எத்தனை இடத்தில் இருக்கிறது, நடுவில் மாற்றினீர்களா, மாற்றியபோது பழையதும் புதியதும் ஒரே அளவு காட்டியதா என்றெல்லாம் கேட்டார். எங்கள் ஆபீஸிலேயே யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் மேப்பை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கேம்மா. ஆனா தப்பு."

"எது மாமா தப்பு?"

"மழைன்னா ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். என்னைக்குத்தான் பெய்யல?"

எழுந்து போய் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 10

நல்லா வரைஞ்சிருக்கேனாம்!

மார்ச் 16

குடியிருப்போர் சங்கக் கூட்டம். சங்கத் தலைவர் மாமாதான். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, சின்னக் குழந்தைக்குக்கூட அவர் 'தலைவர்'. ஆபீஸ் சார்பில் நான் பேசியாக வேண்டும். மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

ஸ்லைடு போட்டேன். மூன்றாவது படத்திலேயே மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "நாளைக்கு மழை வருமா வராதான்னே உங்களுக்குச் சரியா சொல்லத் தெரியல. முப்பது வருஷம் கழிச்சு என் வீட்டுல தண்ணி நிக்கும்ங்கறீங்க!" ஒரே சிரிப்பு.

நான் விடவில்லை. "அடுத்து உங்க கடைக்கு யார் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"குளிர்காலத்துல இருமல் மருந்து அதிகம் போகும்னு தெரியுமில்ல? எந்த மாசத்துக்கு எவ்வளவு வாங்கி வைக்கணும்னு தெரியுமில்ல? அதேதான் இது."

ஒரு நிமிஷம் யோசித்தார். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அது வியாபாரம்மா," என்றார். மறுபடி சிரிப்பு, இந்த முறை இன்னும் பலமாக.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இந்த இடத்து மேல யாருக்கோ கண்ணு. நம்மளைக் கிளப்பப் பார்க்கறாங்க." என்னைப் பார்த்துத்தான். நானும் இதே தெருவில் குடியிருக்கிறேன் ஐயா! என் சமையல்கட்டும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது!

உருப்படியான கேள்வி கேட்டது ஒரே ஒருத்தர், எதிர்வீட்டுத் தையல்காரம்மா. "அதெல்லாம் எனக்குப் புரியலைங்க. கீழ் ரூம்ல புது மெஷின் நாலு வாங்கிப் போடலாம்னு இருக்கேன். போடலாமா, கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்தார். "தாராளமா போடும்மா. நான் இருக்கேன்ல?"

கைதட்டல்.

மார்ச் 17

இன்னும் பத்து ஸ்லைடு சேர்த்தால் புரியுமா? புரியாமல் இருந்தால்தானே புரியவைக்க? மருந்துக்கடைக்காரர் படித்தவர். மாமா என்னைவிடக் கூர்மையாகக் கேள்வி கேட்டவர். அறிவு இல்லாமலா மறுக்கிறார்கள்? இருக்கிற அறிவையெல்லாம் மறுப்பதற்கே செலவழிக்கிறார்கள்.

ஏப்ரல் 2

மேப்பை மாற்றச் சொல்லி சங்கம் மனு கொடுத்துவிட்டது. மேலிடத்திலிருந்து போன். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"புது மழையையும் கடலையும் விட்டுட்டு, பழைய கணக்கை மட்டும் எடுத்தா கோடு எங்க வரும்?"

போட்டுக் காட்டினேன். கோடு சமர்த்தாக ஆற்றோரச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது.

"பார்க்க அழகா இருக்கு," என்றார்.

"சார், உங்களுக்கு இது உண்மை இல்லைன்னு தெரியாதா?"

"தெரியும்மா. நம்பறது வேற. கையெழுத்துப் போடறது வேற."

என் பெயர் அந்த மேப்பில் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அதுதான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 6

மாமா தானாக என்னோடு நேராகப் பேசுவதில்லை. மேஜையில் நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், மகனிடம் சொல்கிறார்: "தண்ணி ஜாடியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு." இவர் என்னைப் பார்த்து, "தண்ணி ஜாடி..." என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்கும். அடக்கிக்கொண்டார்.

ஏப்ரல் 20

ஆபீஸிலிருந்து வந்தால் வீடெல்லாம் சிமெண்டுத் தூசி. எலக்ட்ரீஷியன் கீழ்த்தளத்துச் சுவர்களை உடைத்து பிளக் பாயிண்டுகளை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார். மீட்டர் பெட்டி மாடிப்படி வளைவுக்குப் போய்விட்டது. தண்ணீர் மோட்டாருக்குப் புதிதாக மேடை. நடுவில் மாமா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"குனிய முடியலம்மா. வயசாச்சு."

அவர் உள்ளே போனதும் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். என் மேப்பில் எங்கள் வீட்டுக்குப் போட்டிருக்கிற நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. எல்லா பிளக்கும். ஒன்றுகூடக் கீழே இல்லை.

அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

இவர் சொல்கிறார்: "அதான் ஒத்துக்கிட்டாரே, விடேன்." சுவர்கிட்ட ஒத்துக்கிட்டு என்ன பண்றது? எதிர்வீட்டுல போய் ஒத்துக்கணும்ல?

ஏப்ரல் 22

கேட்டுவிட்டேன். மாலை, மாமா மட்டும் முன்னறையில் இருந்தார்.

"நம்ம வீட்டை மட்டும் மேல ஏத்திட்டீங்க. அந்தம்மாகிட்ட தாராளமா போடுன்னு சொன்னீங்களே மாமா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசவே மாட்டார் என்று எழுந்தபோது மெதுவாகச் சொன்னார்: "இந்த இடத்தை யாரு காட்டினாங்கன்னு தெரியுமா உனக்கு?"

வெறும் புல்லும் புதருமாகக் கிடந்ததாம். ஆபீஸ் நண்பர்களை ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினாராம். ஆறு பக்கத்தில் இருக்கே என்று பயந்தவர் மருந்துக்கடைக்காரரின் அப்பா. எல்லார் முன்னாலும் மாமா அவரைக் கேலி பண்ணி, "நான் பொறுப்பு, வாய்யா" என்று வாங்க வைத்தாராம். தையல்காரம்மாவின் வீட்டுக்காரரையும் அப்படித்தான்.

"இத்தனை குடும்பம் என் பேச்சை நம்பி வந்து உட்கார்ந்திருக்கு. உன் கணக்கு சரின்னா... நான் யாரும்மா?"

என்னிடம் மழைக்கு ஸ்லைடு இருக்கிறது. கடலுக்கு இருக்கிறது. இதற்கு இல்லை. உள்ளே வந்துவிட்டேன். யாருமே கேட்காத கேள்விக்கா நான் இத்தனை நாளாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஏப்ரல் 23

மாமா மேல் பாவமாக இருக்கிறது. கோபமும் போகவில்லை. அவருடைய மனசு எனக்குப் புரிந்துவிட்டதால் எதிர்வீட்டுக்குள் வருகிற தண்ணீர் குறைந்துவிடுமா?

நானே போனேன். தையல்காரம்மா கீழ் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். இங்கே மெஷின் போடாதீங்க என்றேன்.

"தலைவர் போடலாம்னாரே?"

"அவர் சொன்னது தப்புங்க."

அவர் முகம் மாறியது. "உங்க வீட்டுக்குள்ள சண்டைன்னு கேள்விப்பட்டேன். அதுல என்னை இழுக்காதீங்க." பிறகு, தணிந்த குரலில்: "எங்க வீட்டுக்காரர் போனப்போ ஆஸ்பத்திரி வாசல்ல என்கூட நின்னது தலைவர்தாங்க. நீங்க நல்லவங்கதான். ஆனா மேப்பைத் தூக்கிட்டு இன்னைக்குத்தானே முதல்முறையா என் வீட்டுக்கு வர்றீங்க?"

எதிர்வீடு. எத்தனை வருஷம்!

மே 4

மெஷின்கள் வந்துவிட்டன. காலையிலிருந்து சத்தம் கேட்கிறது.

மே 11

பழைய கணக்கு மேப்பை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மேலதிகாரி கையெழுத்து. சிவப்புக் கோடு சாலைக்கு அந்தப் பக்கம். சங்க அறையில் எல்லாருக்கும் கேக். எங்கள் வீட்டுக்கும் ஒரு துண்டு வந்தது. நான் தொடவில்லை. மாமாவும் தொடவில்லை என்று இரவு தட்டைக் கழுவும்போது பார்த்தேன்.

மே 15

நேற்று திடீர் மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, "இவ்வளவுதானா உங்க வெள்ளம்?" என்றார். இது அதுக்கு ஆதாரமும் இல்லை, மறுப்பும் இல்லை சார் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். தொண்டைத் தண்ணீர்தான் வற்றுகிறது.

ஜூன் 1

தையல்காரம்மா வீட்டு வாசலில் கூட்டம். மெஷின்கள் மாடிக்குப் போகின்றன. ஒரு மெஷினின் ஒரு முனையை மாமா பிடித்திருக்கிறார், மூச்சு வாங்க வாங்க!

ஓடிப்போய்ப் பிடித்தேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாடியில வெளிச்சம் நல்லா இருக்கும், தைக்கறதுக்கு வசதின்னு தலைவர் சொன்னாருங்க," என்றார் தையல்காரம்மா. "எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

வெளிச்சமாம்!

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே மாமா?"

"மெஷின் மேல போச்சா இல்லையா?"

"போச்சு. மத்த வீட்டுக்கெல்லாம்? மருந்துக்கடைக்காரர் கீழ்த்தளம் முழுக்க மருந்துப் பெட்டி. அவர்கிட்டயும் வெளிச்சம்னு சொல்வீங்களா?"

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, நேராக என்னிடம்: "ஞாயித்துக்கிழமை போறேன். நீயும் வர்றியா?"

ஜூன் 7

போனோம். மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்தார். மாமா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார்: "உங்க அப்பன் அன்னைக்குச் சொன்னதுதான் சரி. இந்த இடத்தை நான் காட்டினது தப்பு. கீழ இருக்கற சரக்கை எல்லாம் மேல ஏத்திடுப்பா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருந்துக்கடைக்காரர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "தலைவரே, என்ன ஆச்சு உங்களுக்கு? மருமக பேச்சைக் கேட்டுக்கிட்டு ஆட ஆரம்பிச்சிட்டீங்களா? கோடுதான் சாலைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சே. கவர்மெண்டே சொல்லியாச்சு. இதை மனுப் போட்டு வாங்கிக் கொடுத்ததே நீங்கதான்!"

மாமா எண்களைச் சொன்னார். மழை அளவைச் சொன்னார். கருவிகளைச் சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார். மருந்துக்கடைக்காரரோ, கடை திறக்க நேரமாச்சு என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் மாமாவுக்கு அப்படி ஒரு கோபம். "இவ்வளவு தெளிவா சொல்றேன். படிச்சவன்தானே? காதுல போட்டுக்கவே மாட்டேங்கறான்! இவனுக்கெல்லாம் எப்படித்தாம்மா புரியவைக்கறது?"

"எனக்கும் தெரியல மாமா."

பிறகு அவரே முன்னால் நடந்துபோய் அடுத்த வீட்டு மணியை அடித்தார்.